பல்லிடுக்கில் சிக்கிய நார்

தை பிறந்த கையோடு, நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற இரைப்பை குடல் மருத்துவத் துறையிலிருந்து பிள்ளைகள் கூப்பிட்டார்கள். புதிதாக ஒரு எண்டோஸ்கோப்பி எந்திரம் வந்திருக்கிறதாம், ஒரு நடை வந்து பார்க்க வேண்டுமாம். பிள்ளைகள் என்று நான்தான் சொல்கிறேன், அதில் பாதிப் பேருக்குத் தலை நரைத்துவிட்டது. பாளையங்கோட்டையில் என் வீட்டிலிருந்து ஆட்டோ பிடித்துப் போனேன்.

எந்திரம் அருமை, சும்மா சொல்லக் கூடாது. வயிற்றுக்குள் குழாய் போகப் போகப் பெரிய திரையில் படம் வருகிறது. சந்தேகமான இடம் ஏதாவது கண்ணில் பட்டால் எந்திரமே பச்சைக் கட்டம் போட்டுக் காட்டுகிறது. எனக்குப் பொறாமையாக இருந்தது. எங்கள் காலத்தில் குழாயின் மேல்முனையில் ஒரு கண்ணை மட்டும்தான் வைக்க முடியும். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்த்தே பழகி, சாயங்காலம் வீட்டுக்கு வந்தாலும் ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். தெருவில் யாரைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு வருகிறாய் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார்.

டீயும் வடையும் வந்தன. அப்போது புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் டாக்டர் பவ்யமாகக் கேட்டாள், உங்கள் ஆராய்ச்சியிலேயே பெரிய கண்டுபிடிப்பு என்று எதைச் சொல்வீர்கள் மேடம் என்று. நான் யோசிக்கவே இல்லை. "என் பல்லு இடுக்குதான்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். வயசான பொம்பளை ஏதோ விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. விளக்கிச் சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் யாரோ போட்டோ எடுக்க நிற்கச் சொன்னார்கள். சரி, சவத்தை எழுதியே விடுவோம் என்று வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

படித்த கதையை நீட்டப் போவதில்லை. அப்பா பள்ளிக்கூட வாத்தியார், அம்மா ஞாயிறு தவறாமல் வேதக்கோவிலில் பாட்டுப் பாடுகிறவள். எங்கள் வீட்டில் பிள்ளைகள் ஒன்று வாத்தியாராக வேண்டும், அல்லது டாக்டராக வேண்டும். சாக்கட்டித் தூசி எனக்கு ஆகாது, அதனால் டாக்டரானேன். மெட்ராஸில் மேல்படிப்பு முடித்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தபோது தனுஷ்கோடி சாருக்குக் கீழே வேலை கிடைத்தது. என் நிஜமான படிப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

சார் பேட்டைக்காரர். அவர் அப்பா அங்கே லேத் பட்டறை வைத்திருந்தவர். சாருக்கும் கையெல்லாம் பட்டறைக் கை. குழாயில் ஒரு திருகு கழன்றால் கம்பெனிக்காரனுக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்க மாட்டார், சட்டைப்பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்துவிடுவார். நோயாளியின் வயிற்றைத் தொடுவதற்கு முன்னால், சித்திரை வெயிலாக இருந்தாலும் சரி, இரண்டு உள்ளங்கையையும் சூடு பறக்கத் தேய்த்துக்கொள்வார். குளிர்ந்த கையை வைத்தால் வயிறு பொய் சொல்லும் என்பார். குழாயை உள்ளே விடும்போது பஸ் கண்டக்டர் நிறுத்தம் சொல்வதுபோல் நோயாளியிடம் சொல்லிக்கொண்டே போவார். "தொண்டை தாண்டியாச்சு அண்ணாச்சி, இன்னா நெஞ்சுக்குழி வந்துட்டு, பைய மூச்சு விடுங்க." கேட்கிறவருக்குப் பாதிப் பயம் போய்விடும்.

சத்தம் போடவே மாட்டார். மனசு சரியாக இருந்தால் நான் 'கிரேஸு, நீ'. கோபம் வந்தால் 'டாக்டர் கிரேஸ், நீங்க'. அந்த 'நீங்க' காதில் விழுந்தால் என்ன தப்பு செய்தேன் என்று தேட ஆரம்பித்துவிடுவேன்.

எங்களை அவர் அதிகம் வதைத்தது சாப்பாட்டு விஷயத்தில்தான். வார்டில் ஒரு நோயாளியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால், நேற்று என்ன சாப்பிட்டார் என்பார் முதலில். சாதாரணச் சாப்பாடு சார் என்று சொல்லிவிட்டால் போச்சு. "சாதாரணச் சாப்பாடுன்னு ஒண்ணு உலகத்துல கிடையாது. சோறுன்னா என்ன சோறு? கூட்டுக்கு என்ன? போய்க் கேட்டுட்டு வாங்க, டாக்டர் கிரேஸ்." திரும்ப ஓடுவேன். ரசத்தில் பெருங்காயம் போட்டார்களா என்று கூடக் கேட்டுக்கொண்டு வருவேன், அவர் அதையும் கேட்டாலும் கேட்பார் என்று. வயிற்று டாக்டரா, சமையல்காரியா என்று வார்டில் சிரிப்பார்கள்.

கடற்கரை உவரிக்காரர்கள் தொண்டையில் மீன்முள் சிக்கி வந்து நான் பார்த்ததே கிடையாது. சிக்குவதெல்லாம் மேற்கே ஆற்றோரத்துக்காரர்களுக்குத்தான். தின்பதில் ஊருக்கு ஊர் ஒரு வாகு இருக்கிறது என்பது எனக்குப் பைய விளங்கியது சாரிடம் இப்படி அல்லாடித்தான்.

இனி ஒரு விஷயத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும். இப்போது அல்சர் என்றால் நாலு மாத்திரை. அப்போது அப்படியில்லை. நெஞ்சுக்குழியில் வலி, பசி எடுத்தால் எரிச்சல் என்று எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் இருந்த காலம் அது. மருந்துக்குக் கேட்கவில்லை என்றால் ஆபரேஷன். அமிலம் சுரக்கச் சொல்லும் நரம்பை வெட்டிவிட்டு, இரைப்பையிலிருந்து குடலுக்குப் புதிதாக ஒரு வாசல் வைப்பார்கள். வலி போய்விடும். ஆனால் நரம்பை வெட்டிய இரைப்பை அரைக்கிற வேலையைப் பாதி மறந்துவிடும். அப்படி ஆபரேஷன் செய்துகொண்ட ஆட்கள் எங்கள் சந்தைகளிலும் வயல்களிலும் நிறையப் பேர் இருந்தார்கள். 'வயிறு வெட்டின ஆளு' என்று அடையாளமே சொல்வார்கள்.

சுயம்புலிங்கம் அண்ணாச்சி அப்படி ஒருவர். திசையன்விளையில் பலசரக்கும் கருப்பட்டியும் வியாபாரம். மனைவி காலமாகிவிட்டார், ஒரே மகள் பூங்கனி. அந்த வருஷம் மாசியில் பூங்கனிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தையில், பொங்கல் கழிந்த வாரத்தில், அவரை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தாள்.

ஆள் எலும்பும் தோலுமாக இருந்தார். இரண்டு வாய் கஞ்சி குடித்தால் வயிறு நிரம்பிவிடும், கொஞ்ச நேரத்தில் ஓங்கரித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். மேல்வயிற்றில் ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. வேறொரு இடத்தில் பேரியம் மாவு குடிக்கவைத்து எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரைப்பையில் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு ஒரு பெரிய நிழல். கேன்சராக இருக்கலாம், உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெட்டின வயிற்றில் பல வருஷம் கழித்துக் கேன்சர் வருவது உண்டு. அந்தப் படத்தைப் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

எங்கள் சர்ஜன் படத்தைப் பார்த்ததும் அடுத்த திங்கள்கிழமை தியேட்டர் போட்டுவிட்டார். இரைப்பையில் பெரும்பகுதியை எடுத்துவிடுவது என்று திட்டம். அண்ணாச்சியின் உடம்பு அதைத் தாங்குமா என்பது யாருக்கும் நிச்சயமில்லை. கல்யாணத்தை முடித்துவிட்டு வந்து படுத்துக்கொள்கிறேன், அப்புறம் என்னவும் செய்துகொள்ளுங்கள் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். பூங்கனி அதற்கு மேல். "அப்பாவை இங்கன படுக்கப் போட்டுட்டு நான் மணையில போயி உக்கார மாட்டேன்" என்று வார்டு நடுவில் நின்று சொன்னாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் வாசலில் முகம் செத்துப்போய் நின்றார்கள்.

தனுஷ்கோடி சார் கையைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு கட்டியைத் தொட்டுப் பார்த்தார். இந்தப் பக்கம் தள்ளினார், அந்தப் பக்கம் தள்ளினார். அது நழுவி நழுவிப் போனது. கேன்சர் கட்டி இவ்வளவு லேசாக நழுவுவது தனக்குப் பிடிக்கவில்லை என்றார். அன்றைக்கே குழாய் விட்டுப் பார்த்தோம். உள்ளே கறுப்பும் பச்சையுமாக, பித்தநீரில் ஊறிக்கொண்டு, என்னவென்று சொல்ல முடியாத ஒரு மொத்தை. மேலிருந்து துணுக்குகள் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினோம். உயிருள்ள சதையே இல்லை, மறுபடி எடுத்து அனுப்புங்கள் என்று பதில் வந்தது.

மறுபடி எடுக்கிற வேலை என் தலையில் விழுந்தது. அதற்கு முந்தின சாயங்காலம் எங்கள் வீட்டில் பனங்கிழங்கு அவித்திருந்தார்கள். நாங்கள் பொங்கல் வைப்பதில்லை, ஆனால் பக்கத்து வீட்டிலிருந்து கரும்பும் கிழங்குக் கட்டும் வந்துவிடும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த கிழங்கைக் கண்டால் எனக்கு நிதானம் கிடையாது. நாரைச் சரியாக எடுக்காமல் தின்று, ஒரு நார் கடைவாய்ப் பல் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது. ஊக்கு, தீக்குச்சி, நூல் எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. வரவில்லை. காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்த பிறகும் நாக்கு அந்த இடத்தையே துழாவிக்கொண்டிருந்தது.

அண்ணாச்சியை இடப்பக்கமாகப் படுக்கவைத்துக் குழாயை இறக்கினேன். மேலே எடுத்தால் மறுபடியும் செத்த சதைதான் வரும் என்று, குழாய் வழியாக விட்ட இடுக்கியை ஆழமாகக் குத்திக் கவ்வினேன். இழுத்தால் வரவில்லை. இடுக்கி திறக்கவும் மாட்டேன் என்கிறது. சார் என்னைப் பார்க்கிறார். வேறு வழியில்லாமல் குழாயோடு சேர்த்துப் பைய வெளியே இழுத்தேன். இடுக்கியின் வாயில் ஒரு முழ நீளத்துக்கு ஏதோ தொங்கிக்கொண்டு வந்தது. தண்ணீர்க் குழாயடியில் வைத்துக் கழுவினேன். பழுப்பு நிறத்தில் ஒரு நார். இரண்டு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தேன், அறவில்லை. அந்த நேரம் பார்த்து என் நாக்கு பல்லிடுக்கைத் துழாவியது.

"சார்" என்றேன். "இது பனங்கிழங்கு."

எப்படித் தெரியும் என்றார். என் பல்லில் இருக்கிறது என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று உறைத்தது. சார் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டினார். டார்ச்சை எடுத்துக்கொண்டு, "கிரேஸு, வாயைத் திற" என்றார். நர்ஸுகள் எல்லாம் பார்த்துக்கொண்டிருக்க, அவர் மெல்லிய இடுக்கியால் என் பல்லிடுக்கிலிருந்து அந்த நாரைப் பிடுங்கி எடுத்தார். பட்டறைக் கை, ஒரே இழுப்பு. இரண்டு நாரையும் இரண்டு கண்ணாடித் தகட்டில் வைத்து நுண்ணோக்கியின் அடியில் மாற்றி மாற்றிப் பார்த்தோம். அக்கா தங்கச்சி மாதிரி இருந்தன. முந்தின ராத்திரி முதல் பட்ட அவஸ்தையும் தீர்ந்தது. என் ஆராய்ச்சி வாழ்க்கை தொடங்கியது அந்த நாற்காலியில்தான். சிரிப்பதானால் இப்போது சிரித்துக்கொள்ளுங்கள்.

மயக்கம் தெளிந்ததும் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன். கிழங்கு தின்பீர்களா என்றால், தின்பேன் என்கிறார். மார்கழியில் முதல் கிழங்கு வந்ததிலிருந்து தினமும். சாப்பாட்டைப் பற்றி அத்தனை தடவை கேட்டேனே, ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே என்று எனக்கு ஆத்திரம்.

"அது என்ன சாப்பாடா டாக்டரம்மா? சும்மா கொறிக்கது" என்றார்.

நாரைத் துப்ப மாட்டீர்களா என்றேன். அதற்கு அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார், இந்தப் பிள்ளைக்கு ஒன்றுமே தெரியவில்லை என்பதுபோல. "கல்லாவுல உக்காந்துக்கிட்டுத் துப்ப முடியுமாம்மா? லச்சுமி இருக்க எடமுல்லா. முழுங்கிருவேன்."

வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். கடைவாய்ப் பல் ஒன்றுகூட இல்லை. மெல்ல முடியாது, கல்லாவில் இருந்து துப்பவும் கூடாது, வெட்டின வயிறு அரைக்கவும் செய்யாது. ஒவ்வொரு நாராக உள்ளே போய்ப் பின்னிப் பின்னி உருண்டுவிட்டது. அதற்கு மேல் ஒரு கொடுமை. வயிறு சரியில்லை என்றதும், கிழங்கு வயிற்றுக்குக் குளிர்ச்சி என்று நாலு பேர் சொல்ல, பூங்கனி இன்னும் அதிகமாக அவித்துக் கொடுத்திருக்கிறாள். பக்கத்தில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துப்போனது.

"அப்ப நாந்தானா எங்கப்பாவை இப்படிப் படுக்கவச்சது?" என்றாள்.

சார்தான் சொன்னார். "தாயி, நீ குடுத்தது கிழங்கு. நாரை முழுங்குனது உங்கப்பா. கேஸை அவரு மேல போடுவோம்." அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. சர்ஜன் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். நார் இருந்தால் கேன்சர் இருக்காது என்று எந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? உருண்டைக்குப் பின்னால் கேன்சர் ஒளிந்திருந்தால், நாம் நாரைப் பிடுங்கிக்கொண்டிருக்கும் நாளெல்லாம் அது வளருமே? "எந்தப் புஸ்தகத்துலயும் இல்ல. அதனாலதான் பாத்துட்டு வெட்டுவோம்ங்கேன்" என்றார் சார். ஒரு வாரம் தவணை கேட்டு வாங்கினார். நோயாளிக்கும் மறைக்கவில்லை. உருண்டையை உடைக்கும்போது பெரிய துண்டு குடலுக்குள் இறங்கிச் சிக்கிக்கொண்டால், இந்தப் பலவீனத்தோடேயே அவசரமாக வயிற்றைத் திறக்க வேண்டிவரும் என்று எடுத்துச் சொன்னார். அண்ணாச்சி அந்த நாரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதற்காகவா வயிற்றை அறுக்க வேண்டும், இழுத்தே எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

எதை வைத்து உடைப்பது? எங்கள் இடுக்கி கொசுக்கடி அளவுக்குத்தான் கவ்வும். சார் ஒரு தாளில் படம் போட்டார். மெல்லிய எஃகுக் கம்பியில் ஒரு சுருக்கு, அது ஒரு குழலுக்குள் ஏறி இறங்க வேண்டும், முனை எங்கும் கூராக இருக்கக் கூடாது. அதை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் பேட்டைக்குப் போனார், நான் பின்னால் உட்கார்ந்து போனேன். அவர் அப்பாவின் பழைய பட்டறைக்குப் பக்கத்துப் பட்டறை. அங்கிருந்த மேஸ்திரியும் சாரும் ஒன்றாகக் கோலி விளையாடியவர்கள்போல. "ஏலே தனுசு, வயித்துக்குள்ள விடுததுக்கா? வெளங்குமாலே இது?" என்று அவர் கேட்டார். எங்கள் துறைத் தலைவரை 'ஏலே' என்று ஒருவர் கூப்பிட்டுக் கேட்டதில் எனக்கு உண்டான ஆனந்தத்தை எழுத முடியாது. மத்தியானத்துக்குள் சுருக்கு தயாராகிவிட்டது. ஆஸ்பத்திரியில் அதைக் கொதிக்கவைத்து, மருந்தில் ஊறவைத்து, முதலில் ஒரு கிண்ணத்தில் கிழங்கு நாரைச் சுருட்டிப் போட்டு அறுத்துப் பழகினோம்.

பிறகு அண்ணாச்சியின் வயிற்றில். சார் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்ப்பார், சொல்லச் சொல்ல நான் சுருக்கைத் திறந்து மூட வேண்டும். அவித்த முட்டையை நூலால் அறுப்பது போலத்தான். அறுத்த துண்டைக் கவ்வி வெளியே எடுப்பது, தண்ணீர் விட்டு அலசுவது, மறுபடி இறங்குவது. பாதி உருண்டை போனதும் அன்றைக்குப் போதும் என்றார். அண்ணாச்சி வாய் கொப்பளித்துவிட்டு, தட்டில் கிடந்த குவியலைப் பார்த்து, ஒரு பாய் முடையலாம்போல இருக்கே என்றார்.

மறுநாள் மத்தியானம் நாங்கள் பயந்தது நடந்தது. வயிறு ஊதிக்கொண்டது, முறுக்கி முறுக்கி வலி. ஏதோ ஒரு துண்டு இறங்கிவிட்டது. சர்ஜன் வந்து பார்த்துவிட்டுத் தியேட்டரைத் தயாராக வைக்கச் சொன்னார். மூக்கு வழியாகக் குழாய் போட்டு வயிற்றைக் காலி செய்துவிட்டு, சாயங்காலம் வரை பார்ப்போம் என்றார் சார். நான் கட்டில் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஸ்டெதஸ்கோப்பை வயிற்றில் வைத்து வைத்துக் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், கிழங்கைக் கண்டுபிடித்த கெட்டிக்காரத்தனம் எல்லாம் அந்த மத்தியானத்தில் என்னைவிட்டு ஓடிவிட்டது. நார் என்று சொல்லாமல் இருந்திருந்தால் திங்கள்கிழமை ஒழுங்காக ஆபரேஷன் நடந்திருக்குமே, இப்போது என் பேச்சை நம்பி இந்த மனுஷன் போய்விட்டால் அந்தப் பிள்ளையை எந்த முகத்தோடு பார்ப்பேன் என்று திரும்பத் திரும்ப நினைத்தேன். பூங்கனி எதிரில் உட்கார்ந்து அப்பாவின் காலைப் பிடித்தபடியே இருந்தாள். சார் இரண்டு தடவை வந்து, கையைத் தேய்த்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

வெயில் சாய்கிற நேரத்தில் அண்ணாச்சி சங்கடத்தோடு நெளிந்தார். பூங்கனியை வெளியே போகச் சொன்னார். அவள் எழுந்திருப்பதற்குள் ஆகிவிட்டது. வார்டு முழுக்கக் கேட்கும்படி ஒரு சத்தம். குடல் திறந்துவிட்டது. அடைபட்ட குடலில் காற்றுப் பிரிவதைவிட நல்ல செய்தி எங்கள் துறையில் கிடையாது. நான் எழுந்து நின்று கைதட்டிவிட்டேன். விஷயம் தெரிந்து பக்கத்துக் கட்டில்காரர்களும் சிரித்தார்கள். அண்ணாச்சி போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். சார் வந்து விவரம் கேட்டுவிட்டு, "பெரிய மனுசன், வயித்தை அறுக்க வேண்டாம்னு சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டாரு" என்றார்.

மிச்ச உருண்டையையும் எடுத்து முடித்த அன்று, சார் குழாயிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு என்னைப் பார்க்கச் சொன்னார். இத்தனை நாள் மறைந்திருந்த இரைப்பைச் சுவர் சுத்தமாகத் தெரிந்தது. வாசல் வைத்த இடத்தில் நார் உரசி உரசிச் சின்னதாக ஒரு புண், அவ்வளவுதான். அதிலிருந்தும் துணுக்கு எடுத்து அனுப்பினோம். கேன்சர் இல்லை என்று பதில் வந்தது. சர்ஜன் அந்தத் தாளை வாங்கித் தானே படித்துவிட்டு, தியேட்டர் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நல்ல மனுஷன்.

மாசியில் பூங்கனியின் கல்யாணத்துக்கு நானும் சாரும் போனோம். அண்ணாச்சி வேட்டியை இடுப்பில் இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றிக்கொண்டு வாசலில் நின்று வரவேற்றார். பந்தியில் சார் தன் இலையைப் பார்க்கவில்லை, எதிர்வரிசையில் அண்ணாச்சியின் இலையில் என்ன விழுகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார். அவியலோடு முருங்கைக்காய் விழுந்ததும், அதுவும் நார்தானே, தடுக்க எழுந்தே போய்விட்டார்.

அதற்குப் பிறகு நாங்கள் கேட்கிற கேள்வி மாறியது. என்ன சாப்பிட்டீர்கள் என்பதோடு, என்ன கொறித்தீர்கள், நாரைத் துப்புவீர்களா முழுங்குவீர்களா, எங்கே உட்கார்ந்து தின்பீர்கள் என்றும் கேட்டோம். கேட்கக் கேட்க ஆட்கள் கிடைத்தார்கள். கடைக்காரர்கள், பஸ் டிரைவர், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் முன்னால் துப்பக் கூச்சப்பட்ட ஒரு ஹெட்மாஸ்டர். எல்லோரும் வயிறு வெட்டினவர்கள், எல்லோரும் தையிலும் மாசியிலும் வந்தவர்கள். எல்லோரையும் சேர்த்து ஒரு கட்டுரை எழுதி வெளிநாட்டுப் பத்திரிகைக்கு அனுப்பினோம். கல்லாவில் உட்கார்ந்து துப்பக் கூடாது என்கிற வரியை அடித்துவிட்டு, இது மருத்துவம் இல்லை என்று குறிப்பு எழுதித் திருப்பினார்கள். அந்த வரியை எடுத்துவிட்டால் நோய் எப்படி வந்தது என்பதே போய்விடும், வரி இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள் என்று சார் பதில் போட்டார். என் முதல் கட்டுரை, கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறதே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் வரியோடு வந்தது. இரண்டே பக்கம். அதன் பிறகு நான் எத்தனையோ எழுதிவிட்டேன், ஈரலைப் பற்றி, கணையத்தைப் பற்றி. அந்த இரண்டு பக்கத்துக்கு ஈடு வராது.

இப்போது அந்த நோய் இல்லை. மாத்திரைகள் வந்த பிறகு அல்சருக்கு யாரும் வயிற்றை வெட்டுவதில்லை. வெட்டிக்கொண்ட தலைமுறை அநேகமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. புதிய எந்திரத்துக்குப் பனங்கிழங்கு நாரைத் தெரியுமா என்று அந்தப் பெண் டாக்டரிடம் கேட்டிருக்கலாம், ஆனால் இனி அதற்குத் தெரியத் தேவையும் இல்லை. நான் கண்டுபிடித்த ஒன்று உலகத்துக்கு வேண்டாமல் போனதில் எனக்குத் துளி வருத்தம் கிடையாது. இன்னும் இரண்டு மூன்று நோய்கள் இப்படிப் போனால் நன்றாகத்தான் இருக்கும். தனுஷ்கோடி சாரும் இன்று இல்லை. சூடான கையை யாராவது என் தோளில் வைத்தால் மட்டும் அவர் ஞாபகம் வந்து கண் கலங்கிவிடுகிறது.

சுயம்புலிங்கம் அண்ணாச்சி நன்றாக வாழ்ந்தார். பூங்கனியின் பிள்ளைகளைத் தோளில் தூக்கி வளர்த்து, அந்தப் பிள்ளைகளின் கல்யாணத்தையும் பார்த்துவிட்டு, மூப்பில் படுத்து இரண்டு வருஷத்துக்கு முன்னால் போனார். ஒவ்வொரு தையிலும் எனக்கு ஒரு கட்டுக் கிழங்கு அனுப்புவார். இப்போது பூங்கனி அனுப்புகிறாள். இந்த வருஷம் அனுப்பவில்லை, அப்பாவுக்குப் படைக்கிறோம், நீங்களே வந்து சாப்பிட்டுவிட்டு எடுத்துப் போங்கள் என்று, நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, தை அமாவாசைக்குக் கூப்பிட்டாள். நான் அமாவாசை பார்க்கிறவள் இல்லை, ஆனால் அந்த வீட்டுச் சாப்பாட்டை விடுகிறவளும் இல்லை. பஸ் ஏறிப் போனேன்.

அவள் வீட்டுக்காரர் காலையிலேயே உவரிக் கடலுக்குப் போய் எள்ளும் தண்ணீரும் விட்டுவிட்டு வந்திருந்தார். அண்ணாச்சியின் படத்துக்கு மாலை போட்டு, முன்னால் தலைவாழை இலை விரித்திருந்தது. சோறு, பருப்பு, பாயசம், அவருக்குப் பிடித்தது எல்லாம். பூங்கனி தரையில் அவித்த கிழங்கோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் இப்போது மூட்டுவலி. தோலை உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுக் குருத்தை எடுத்து, ஒடித்து ஒடித்து நாரை இழுத்தாள். பிறகு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒட்டியிருந்த இன்னொரு நாரையும் நகத்தால் கிள்ளி எடுத்தாள். பொடிப்பொடித் துண்டாக நறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டாள்.

குழந்தை யாருக்காவது கொடுக்கவா என்று கேட்டேன். அப்பாவுக்கு என்று இலையைக் காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இனிமேல் அவரை என்ன செய்துவிடப் போகிறது, முழுசாகவே வையேன் என்றேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை. "வெட்டுன வயிறுல்லா டாக்டரம்மா" என்றாள்.

நான் சேலையைச் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு கிழங்கை எடுத்து நார் எடுக்க ஆரம்பித்தேன்.